மின்சாரம் நின்றால் எந்தப் பக்கம்? ஆலை டிரிப் கருவிகளின் வரலாறு குறித்து ஒரு மறுவாசிப்பு

சார்லஸ் பெரோவின் ‘நார்மல் ஆக்சிடென்ட்ஸ்’ 1984இல் வெளிவந்த பிறகு, ஆலை அலாரங்களைப் பற்றி எழுதுவோர் பலரும் அவர் போட்ட பாதையிலேயே நடக்கிறார்கள். சிக்கலாகப் பிணைந்து, இறுக்கமாக இயங்கும் ஆலைகளில் விபத்து தவிர்க்க முடியாதது. அதைத் தடுக்கச் சேர்க்கும் பாதுகாப்புக் கருவிகளே சிக்கலைக் கூட்டிவிடும் என்பது அவர் வாதம். 1979 மார்ச் 28 அன்று திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் தொடக்க நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் எழுந்தன. எது முக்கியம் என்று பணியிலிருந்தவர்களால் பிரித்தறிய முடியவில்லை. இதுவரை பெரோவோடு எனக்கு வழக்கில்லை.

அந்த நிலையத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் அணைந்திருந்த ஒரு விளக்கை அவர் புரிந்துகொண்ட விதத்தில்தான் மாறுபடுகிறேன். அழுத்தம் தணிக்கும் வால்வு திறந்தபடியே சிக்கியிருந்தது. விளக்கோ வால்வின் நிலையைக் காட்டவில்லை. வால்வை இயக்கும் சோலனாய்டுக்குப் போகும் மின்சாரம் நின்றதை மட்டுமே காட்டியது. அணைந்த விளக்கைப் பார்த்து வால்வு மூடிவிட்டதென்று நம்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விப்பு நீர் வெளியேறியது. பெரோவுக்கு இது எதிர்பாராமல் ஒன்றுசேர்ந்த பல கோளாறுகளில் ஒன்று. எனக்கு இதுவே மூலக் கோளாறு: செய்தி வராத நிலைக்கும் எல்லாம் நலம் என்ற நிலைக்கும் ஒரே அடையாளம் தரப்பட்டிருந்தது.

இந்தக் கோளாறுக்கு, திரீ மைல் ஐலண்ட் இருக்கும் அதே பென்சில்வேனியா மாநிலத்தில் நூறாண்டுக்கு முன்பே விடை கண்டிருந்தார்கள். வில்லியம் ராபின்சன் 1870இல் கின்சுவாவில் ஒரு ரயில் சிக்னலை நிறுவினார். ரயில் வந்தால்தான் சுற்று இணையும், அபாயக் குறி விழும். கம்பி அறுந்தால்? பாட்டரி தீர்ந்தால்? பாதை காலி என்றே காட்டும். அவரே அதைத் திருத்தி 1872 ஆகஸ்டில் இன்னொரு வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். இதில் தண்டவாளம் வழியே மின்சாரம் எப்போதும் ஓடி ரிலேயைப் பிடித்திருக்கும். ரயில் ஏறினால் சக்கரமும் அச்சும் அந்த மின்சாரத்தைக் குறுக்கே திருப்பிவிடும். ரிலே விடுபட்டு அபாயம் காட்டும். கம்பி அறுந்தாலும், பாட்டரி தீர்ந்தாலும் அதே விளைவுதான்.

இந்த இரு வடிவங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பாட்டரி, கம்பி, ரிலே, சிக்னல் என உறுப்புகள் ஏறக்குறைய அவையேதான். சிக்கல் கூடவில்லை, மாறியது திசை. பிணைப்பின் சிக்கலையும் இறுக்கத்தையும் அளவுகோலாகக் கொள்ளும் பெரோவின் சட்டகத்தில் இந்த மாற்றத்துக்கு இடமே இல்லை. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் தமது காற்று பிரேக்கில் செய்ததும் இதைத்தான்: 1869 வடிவத்தில் குழாய் வெடித்தால் பிரேக் போய்விடும், 1872 வடிவத்தில் குழாய் வெடித்தால் பிரேக் விழும்.

கோளாறு வந்தால் பாதுகாப்பின் பக்கம் சாய வேண்டும் என்ற இந்த நெறி ரயில்வேயிலிருந்துதான் ரசாயன ஆலைக்கு வந்ததா? நேர்ச் சான்று மெலிது. எந்தப் பத்தாண்டில் என்று அறுதியிடவும் நான் துணியவில்லை. ஆனால் சூழ்நிலைச் சான்று வலுவானது. ஆலைகளின் காற்றழுத்தச் சமிக்ஞை 0இல் தொடங்காமல் 3 பிஎஸ்ஐயில் தொடங்கி 15 வரை போனது. பின்வந்த மின் சமிக்ஞை 4 முதல் 20 மில்லியாம்பியர். இரண்டிலும் பூஜ்யம் என்றால் இணைப்பு அறுந்தது என்று பொருள். ரிலே எப்போதும் மின்சாரத்தோடு நிற்க வேண்டும், விடுபட்டால் ஆலை டிரிப் ஆக வேண்டும், அதாவது தானாக நிற்க வேண்டும் என்னும் வழக்கமும் ராபின்சனின் சுற்றுதான். தற்செயல் ஒற்றுமை என்று இதைத் தள்ள என்னால் முடியாது.

பெரோவுக்கு வலுச் சேர்க்கும் இடமும் உண்டு. ஒரே சென்சாரை நம்பி இப்படி அமைத்தால் காரணமில்லாத டிரிப்புகள் பெருகும். சலித்துப்போன ஊழியர்கள் பைபாஸ் போட்டுவிடுவார்கள். அதனால்தான் மூன்றில் இரண்டு சென்சார்கள் ஒத்துச்சொன்னால் மட்டும் டிரிப் என்ற முறை வந்தது. இங்கே உறுப்புகள் கூடுவது உண்மை.

எனினும் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் கிடங்கைப் பாருங்கள். 2005 டிசம்பர் 11 அதிகாலை 912ஆம் தொட்டியின் அளவுமானி ஒரே அளவில் சிக்கி நின்றது. கடைசிக் காப்பாக இருந்தது தனியான உச்சமட்ட சுவிட்ச். சோதனைக்காக அதில் ஒரு நெம்புகோல். அதை இயங்குநிலையில் பிடித்துவைக்க ஒரு பூட்டு. பொருத்தியவர்களும் பயன்படுத்தியவர்களும் அந்தப் பூட்டின் வேலையைப் புரிந்துகொள்ளவில்லை, பூட்டைப் போடவில்லை. பூட்டு இல்லாததால் சுவிட்ச் செயலற்றுக் கிடந்தது. இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல் பெட்ரோல் வழிந்து, காலை 6.01க்கு வெடித்தது. ஒரு நெம்புகோல், ஒரு பூட்டு. இதைவிட எளிய கருவி இருக்க முடியாது. கைவிட்டால் ஆபத்தின் பக்கம் சாயும்படி அது அமைந்திருந்தது. ஆலைத் துறைக்கான ஐஇசி 61511 தரநெறி 2003இலேயே வந்திருந்தும் இது நடந்தது.

ரயில்வேக்கும் ஆலைக்கும் இடைப்பட்ட கால வரலாற்றை நிறுவும் சான்று பழைய ரிலே பேனல்களின் வயரிங் வரைபடங்களிலும் டிரிப் செட்டிங் பதிவேடுகளிலும்தான் இருக்கிறது. பேனலை மாற்றும் ஆலைகள் அவற்றை எடைக்குப் போட்டுவிடாமல் ஒரு நூலகத்திடமோ பொறியியல் கல்லூரியிடமோ ஒப்படைக்க வேண்டுகிறேன்.