குடியானவர் என்றால் யார்? தாமஸ் மன்றோவும் பட்டாவில் ஏறாத பெயர்களும்

சென்னை தீவுத்திடலுக்குப் பக்கத்தில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் சர் தாமஸ் மன்றோ. சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி செய்த சிலை. 1839இல் நிறுவினார்கள். சேணமும் அங்கவடியும் இல்லாத சிலை என்பதால் ஊர்ப் பேச்சு எல்லாம் குதிரையைப் பற்றியே இருக்கும். மேலே இருப்பவரைப் பற்றிப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் தோழர்களுக்கு ஒரு வரி தெரியும்: ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தவர், விவசாயிகளின் நண்பர். எந்த விவசாயிகளின் நண்பர்?

1761இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அப்பா வர்ஜீனியாவோடு புகையிலை வாணிபம் செய்தவர். அந்தப் புகையிலையை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள் என்பதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விடுதலைப் போரில் அந்த வாணிபம் நொடித்தது. மகன் 1780இல் கும்பெனியின் காலாட்படைக்கு ஆளாகச் சென்னை வந்து இறங்கினார், ஹைதர் அலியோடு போர் நடந்த சமயம். 1792இல் திப்புவிடமிருந்து பறித்த பாராமகாலுக்கு, அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கு, அலெக்சாண்டர் ரீட் என்ற அதிகாரியின் உதவியாளராகப் போனார். ரயத்துவாரி பிறந்தது அங்கேதான். தொடங்கியவர் ரீட், பெயர் மன்றோவுக்குப் போயிற்று. பிறகு கன்னடக் கரை, அதன்பின் 1800 முதல் 1807 வரை நிஜாம் விட்டுக்கொடுத்த பெல்லாரி, கடப்பைப் பகுதிகள். 1820இல் சென்னை மாகாண ஆளுநர்.

முறை எளிமையானது. நடுவில் ஜமீன்தார் கிடையாது. நிலத்தை அளப்பார்கள், புலத்துக்குப் புலம் தீர்வை குறிப்பார்கள், பட்டாவில் பெயர் உள்ளவரிடம் சர்க்கார் நேராக வரி வாங்கும். ஜமீன்தார்களுக்கு ஊரையே தாரைவார்த்த வங்காளத்தோடு ஒப்பிட்டால் இது மேல்தான், மறுக்கவில்லை. வரி கனக்கிறது, 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 1807இலேயே எழுதியவர் மன்றோ. ஆளுநரான பிறகு அதை நடப்பிலும் கொண்டுவந்தார். பெரிய பதவிகளில் இந்தியர்களை வைக்காத ஆட்சி மக்களைத் தாழ்த்திவிடும் என்று 1824இல் எழுதினார். சொந்தக் கும்பெனியையே விமர்சித்த வெள்ளைக்காரர். அதனால்தான் இவரை ஊன்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கொடுங்கோலன் ஒருவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

‘ரயத்து’ என்பதைத் தமிழில் ‘குடி’ என்றார்கள், ‘குடியானவர்’ என்றார்கள். வட மாவட்ட ஊர்களில் இன்றும் போய்க் கேளுங்கள். குடியானத் தெரு எது, காலனி எது என்று சிறுபிள்ளையும் கை காட்டும். உழுகிறவரெல்லாம் குடியானவர் ஆகிவிட முடியாது. அது ஒரு சாதி எல்லை. கும்பெனியின் பதிவேடு அந்த எல்லையைக் கண்டுபிடித்ததாக நான் சொல்லவில்லை, அது முன்பே இருந்தது. பதிவேடு அதற்கு சர்வே எண் கொடுத்தது. வரி கட்டுபவர் யார் என்று மட்டுமே சர்க்கார் கேட்டது. சேற்றில் இறங்குபவர் யார் என்று கேட்கவில்லை. தஞ்சையிலும் செங்கல்பட்டிலும் மிராசுதார் பெயரில் பட்டா ஏறியது. அவருடைய நிலத்தில் விதைத்து அறுத்த பண்ணையாளும் படியாளும் எந்தக் கட்டத்திலும் இல்லை.

இதில் ஒரு கொடுமை உண்டு. ஊரின் எல்லை எங்கே முடிகிறது, புலத்தின் கல் எங்கே நிற்கிறது என்பதைத் தெரிந்தவர் வெட்டியான். எல்லைத் தகராறு வந்தால் அவர் சொல்லுக்கு மதிப்பு. நீர் பாய்ச்சுவதும், கச்சேரிக்கு வரிப்பணம் சுமந்துபோவதும் அவர் வேலை. ஊரின் ஒவ்வொரு வரப்பையும் அறிந்த மனிதருக்கு அதே ஊரில் ஒரு வரப்புக்குள்ளும் பாத்தியதை இல்லை.

தெரியாமல் நடந்ததா? 1819இல் சென்னை வருவாய் வாரியம் கலெக்டர்களிடம் விவசாய அடிமைகள் பற்றி அறிக்கை கேட்டு வாங்கியிருந்தது. நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட, அடமானம் வைக்கப்பட்ட பறையர், பள்ளர் பற்றியெல்லாம் அதில் வந்தது. அடுத்த ஆண்டுதான் மன்றோ கோட்டையில் ஆளுநராக உட்கார்ந்தார். ஏழு ஆண்டு ஆண்டார். அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் அந்த ஏழு ஆண்டில் வரவில்லை. அதற்கு 1843 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டம் இயற்றத் தெரியாதவரும் அல்ல அவர். 1814இல் நீதித்துறையைச் சீர்திருத்தும் குழுவுக்குத் தலைவராக வந்து, 1816இல் வரிசையாக ஒழுங்குமுறைச் சட்டங்களைப் போட வைத்தார். அவற்றில் 11ஆம் சட்டத்தைச் சட்டம் படிக்கும் மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். வசை, சிறு கைகலப்பு போன்ற குற்றங்களுக்கு ஊர்த் தலைவரே தண்டனை கொடுக்கலாம் என்கிறது அது. பொதுவாக 12 மணி நேரம்வரை சாவடியில் அடைத்து வைக்கலாம். குற்றவாளி ‘தாழ்ந்த சாதி’ என்றால், அவ்வளவு இழிவான தண்டனை கொடுப்பது பொருந்தும் என்று பட்டால், 6 மணி நேரம்வரை தொழுக்கட்டையில் மாட்டலாம். காலைக் கட்டையில் பூட்டி ஊர் பார்க்க உட்கார வைப்பது! மனுவைக் கொளுத்தியதைப் பற்றிப் பேசுகிறோம். இது மனு எழுதியதல்ல. லண்டனில் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொல்லிவிட்டு வந்தவர் எழுத வைத்தது.

ஏன் இப்படிச் செய்தார்? மன்றோவின் கொள்கையே அதுதான்: நாட்டின் பழைய வழக்கத்தைக் குலைக்காதே, ஊர்த் தலைவரும் கணக்கரும் பஞ்சாயத்தும் முன்போலவே நடத்தட்டும். கேட்க நல்ல கொள்கை. கிராமச் சுயாட்சி என்று இன்றும் சிலர் உருகுகிறார்கள். ஆனால் ஊர்த் தலைவர் என்பவர் யார்? நிலமும் அவருடையது, ஆளும் அவருடையவர், இப்போது போலீசும் அவரே, 10 ரூபாய்வரையான வழக்குக்கு முன்சீப்பும் அவரே. பரம்பரைக் கிராம முன்சீப், கர்ணம் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது 1980இல். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மன்றோவின் பள்ளிக் கணக்கெடுப்பையும் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். 1822இல் கேட்டு, 1826இல் தொகுத்தது: மாகாணத்தில் 12,498 பள்ளிகள். சூத்திர மாணவர்களே அதிகம் என்று அதிலிருந்து எடுத்துக்காட்டி, பழைய இந்தியாவில் எல்லோரும் படித்தார்கள் என்பவர்கள் உண்டு. அந்தப் படிவத்தில் பார்ப்பனர், வைசியர், சூத்திரர், முசல்மான் என்று கட்டங்கள். மிச்சம் எல்லோரும் ‘மற்ற சாதியார்’. சேரிக் குழந்தை பள்ளித் திண்ணையில் ஏறியதா என்று அந்தப் படிவம் கேட்கவே இல்லை.

1827 ஜூலை 6இல் கர்னூல் பக்கம் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். அந்தச் சீமையில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். மந்திராலயத்தில் ராகவேந்திரர் அவருக்கு மட்டும் காட்சி கொடுத்துப் பேசினார் என்ற கதையும் இருக்கிறது. கதையின் முடிவு தெரியுமல்லவா? மடத்தின் மானிய நிலம் மடத்துக்கே நிலைத்தது.

நிலம் கேட்டு நம் ஆட்கள் மனுப் போட்டபோது என்ன ஆயிற்று என்பதைச் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் எழுதினார். தரிசு நிலத்துக்குப் பறையர் விண்ணப்பித்தால் மிராசுதாருக்கே முன்னுரிமை. அவர் ‘எனக்கு வேண்டும்’ என்றால் போதும், மனு அதோடு முடிந்தது. அந்த அறிக்கைக்குப் பிறகு 1892 செப்டம்பர் 30இல் வந்த அரசாணை வழியாகக் கிடைத்ததுதான் பஞ்சமி நிலம். பட்டாவில் நம் பெயர் ஏறுவதற்குப் பாராமகாலிலிருந்து நூறு ஆண்டு ஆயிற்று. ஏறிய பெயரையும் அழித்தார்கள். அதை மீட்கப் போராடிய இரண்டு பேர், ஜான் தாமஸும் ஏழுமலையும், 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தார்கள்.

உங்கள் ஊரில் ‘டி.சி. நிலம்’ என்று பெரியவர்கள் எதையாவது காட்டினால், பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். யுடிஆர் பதிவேட்டையும் வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். அதே புல எண்ணுக்கு நேரே எந்தப் பெயர் இருந்தது, இப்போது எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.