ஓம வாட்டரும் ஈசிஜியும்

மார்டள்ளிக்காரர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, மாவட்டம்தான் மாறிக்கொண்டே வந்தது. மார்டள்ளி அடங்கியிருந்த கொள்ளேகால் தாலுகா 1956 அக்டோபர் வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது, நவம்பர் 1 முதல் மைசூர் மாவட்டம், 1997இல் சாமராஜநகர். வீட்டுப் பேச்சு தமிழ்தான். பெரிய ஆஸ்பத்திரி என்றால் மைசூர். மாதேஸ்வரன் மலைக் காட்டோரத்து இந்த ஊரிலிருந்து அது நூறு கிலோமீட்டருக்கு மேல்.

மாரடைப்புக்கு இது நெடுந்தூரம். அதிலும் பெண்களுக்கு வண்டி ஏறுமுன்பே தாமதம் தொடங்கிவிடும். தாடை வலிக்கும், முதுகு கடுக்கும், குமட்டும், வேர்த்துக் கொட்டும், மாவரைக்கக்கூடத் தெம்பிருக்காது. “வாயுவா இருக்கும், ஓம வாட்டர் குடி.”

வீட்டாரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆஞ்சைனா என்ற நெஞ்சுவலியை 1768இல் விரிவாக விவரித்த லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், தாம் பார்த்த சுமார் நூறு பேரில் பெண்கள் மூவரே என்று எழுதிவைத்தார். எத்தனை பெண்கள் அவர் வாசலை மிதித்திருப்பார்கள் என்பது வேறு கேள்வி. 1964இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் பெண்களுக்கென்றே ஒரு இதயநோய் மாநாடு நடந்தது. பேசியதெல்லாம் கணவரின் இதயத்தை மனைவி எப்படிக் காப்பது என்று!

1991இல்தான் பெர்னடின் ஹீலி என்ற இதய மருத்துவர் உடைத்துச் சொன்னார்: ஆணைப் போலவே தனக்கும் நோய் முற்றியிருக்கிறது என்று நிரூபித்த பிறகே பெண்ணுக்கு ஆணுக்குரிய சிகிச்சை கிடைக்கிறது. 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மாரடைப்பு வந்த 515 பெண்களில் 43 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் நெஞ்சுவலியே இல்லை. அதற்காக நெஞ்சுவலியை ஒதுக்கிவிடக் கூடாது. பெண்களுக்கும் பெரும்பாலும் வரும் அறிகுறி அதுதான்.

கர்நாடகத்தில் அரசை உலுக்கியது ஓர் ஆணின் சாவு. நடிகர் புனீத் ராஜ்குமார் 2021இல் 46 வயதில் மாரடைப்பில் இறந்தார். அவர் பெயரில் 2023இல் அரசு ‘ஹ்ருதய ஜோதி’ திட்டத்தை அறிவித்தது. தாலுகா ஆஸ்பத்திரியில் எடுத்த ஈசிஜியை மைசூர் ஜெயதேவா போன்ற இதய மருத்துவமனைகளின் டாக்டர்கள் பார்த்துச் சொல்வார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் டெனெக்டிபிளேஸ் ஊசியைத் தாலுகா ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகப் போட்டுவிடலாம்; மைசூர்ப் பயணம் அதற்குப் பிறகு.

ஈசிஜிக்குக் கைகால்களில் 4, மார்பில் 6 எனப் பத்து இடத்தில் மின்முனை ஒட்ட வேண்டும். முந்தானையை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்திருப்பவரிடம் ரவிக்கையைத் தளர்த்தச் சொல்ல ஒரு நர்ஸம்மா வரும்வரை, அந்த ஆறும் காத்திருக்கும்.