உப்பும் காலமும்: நொய்யல் மீன்களை முன்வைத்து

‘மீனுதான் இருக்குதுங்களே, அப்பறம் தண்ணி கெட்டுப்போச்சுன்னு எப்படிங்க சொல்றீங்க?’ திருப்பூர்ச் சாயக்கழிவு பற்றிய பேச்சுகளில் இந்தக் கேள்வியைப் பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன். உயிர் எதற்கும் பழகிக்கொள்ளும் என்ற கோட்பாடு இதற்குள் ஒளிந்திருக்கிறது. ‘தகவமைவு’ என்ற சொல் இப்படித்தான் அதிகாரத்துக்கு வசதியாகிப்போகிறது.

எந்த மீன் என்று முதலில் கேட்க வேண்டும். கோவைக் குளங்களிலும் நொய்யல் தேக்கங்களிலும் அதிகம் அகப்படுவது ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்க மீன், 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நன்னீர் மீனின் ரத்தம் ஆற்றுநீரைவிட உப்பானது. ஆகவே தண்ணீர் ஓயாமல் உடம்புக்குள் கசியும்; மீன் அதைச் சிறுநீராகக் கழித்து, இழந்த உப்பைச் செவுள்வழி இழுத்துக்கொள்ளும். கடல்மீனுக்கு எல்லாம் தலைகீழ்: தண்ணீரைக் குடிக்கும், உப்பைச் செவுளால் வெளியே தள்ளும். ஜிலேபிக்கு இரண்டு வேலையும் தெரியும். உப்பு ஏறினால் சில நாட்களில் செவுளின் செல்களையே மாற்றிக்கொள்ளும். கடலிலும் பிழைக்கும். நம்மூர்க் கெண்டைகளுக்கு இந்த வித்தை கிடையாது. ஜிலேபி நொய்யலில் பழகிக்கொள்ளவில்லை, பழகியேதான் வந்தது.

உப்பு எங்கிருந்து வந்தது? பருத்தியில் சாயம் ஏற உப்பைக் கொட்ட வேண்டும். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போகும், உப்பு தண்ணியோடு போகும். 1990களின் இறுதியில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன, கரைந்த உப்பை விட்டுவிட்டன. கண்ணுக்குத் தெரிந்த குற்றம் மட்டும் கழுவப்பட்டது. பாசனத்துக்கென்று 1992இல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தொட்டியானது. தங்களுக்காகக் கட்டிய அணையின் நீரையே வேண்டாம் என்று விவசாயிகள் வழக்காடும் விநோதம் இங்கேதான் நடந்தது. 2006இல் தீர்ப்பு வந்தது. அது நிறைவேறாமல் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

பழகிக்கொள்ளுதல் என்றால் என்னவென்று தெரிய, துருவக் கடலைப் பார்க்கலாம். அண்டார்டிக் கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரியில் உறைகிறது. சாதாரண மீனின் ரத்தம் அதற்கு முன்பே உறைந்துவிடும். அங்குள்ள மீன்களின் ரத்தத்திலோ சர்க்கரை கோத்த ஒரு புரதம் ஓடுகிறது. பொடிப் பனிப்படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு அதை வளரவிடாது. ஆர்தர் டிவ்ரீஸ் 1960களில் இதைக் கண்டறிந்தார். பனிமீன் என்றொரு குடும்பத்துக்குச் சிவப்பணுவே இல்லை, ரத்தம் கிட்டத்தட்டத் தண்ணீர்போல. குளிர்நீரில் ஆக்ஸிஜன் மிகுதியாகக் கரைந்திருப்பதால் பிழைக்கிறது. இவையெல்லாம் அமைய லட்சக்கணக்கான தலைமுறைகள் ஆயின. தேறாமல் செத்தவற்றுக்குக் கணக்கில்லை.

அந்தத் தேர்ச்சிக்கும் விலை உண்டு. டிவ்ரீஸும் சோமெரோவும் 1967இல் வெளியிட்ட ஆய்வில், இம்மீன்களில் சில ஆறு டிகிரி வெப்பத்திலேயே செத்தன. நமக்கு அது குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் குளிர். கடல் சூடாகும்போது ஒதுங்கிப்போக அவற்றுக்குத் தெற்கே இடமில்லை, அங்கே கண்டம்தான் இருக்கிறது.

நொய்யலுக்குக் கிடைத்தது முப்பது வருஷம்கூட இல்லை. பனியன் ஏற்றுமதி வேகமெடுத்த 1980களிலிருந்து 2011 வரை எண்ணிப் பாருங்கள். கெண்டைக்கு அது சில தலைமுறை. செவுளைப் புதிதாகச் செய்துகொள்ள அது காணாது.