சீக்கியர் வழிபாட்டிலும் இறுதிச் சடங்கிலும் மலர்

திண்டுக்கல் சமவெளியில் விளையும் பூ எந்தச் சமயத்துக்கும் அந்நியமானதன்று. நிலக்கோட்டை, ஆத்தூர், வெள்ளோடு வட்டாரங்களில் விடியுமுன் பறிக்கும் மல்லிகையும் முல்லையும், தோட்டங்களில் விளையும் சம்பங்கியும் செவ்வந்தியும் செண்டுமல்லியும் ஊர்ச் சந்தைகளில் குவிகின்றன. கோட்டை மாரியம்மனின் மாசித் திருவிழாவில் பூச்சொரிதல் நடக்கிறது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் கிறித்தவர் தம் முன்னோரின் கல்லறைகளைப் பூவால் நிறைக்கின்றனர். தர்காக்களில் மலர்ப்போர்வை சார்த்துகின்றனர். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் விளைநிலத்தில் நம் மாவட்டமும் அடங்கும். இத்தகைய ஊரார் நாம், சீக்கியர்கள் பூவை எவ்வாறு கருதுகின்றனர் என்பதை மட்டும் அதிகம் அறிந்ததில்லை.

சீக்கியம் தமிழ்நாட்டுக்குத் தொலைவில் உள்ள சமயமும் அன்று. அதைத் தோற்றுவித்த குரு நானக் இராமேசுவரம் வந்து சென்றார் என்பது சீக்கியர் மரபு. அதன் நினைவாக அங்கே குருத்வாரா எனும் சீக்கிய வழிபாட்டிடம் ஒன்று இருக்கிறது. சென்னை தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையில் உள்ள குருத்வாராவைப் பலர் அறிவர். சீக்கியரான சுர்ஜித் சிங் பர்னாலா இருமுறை நம் மாநில ஆளுநராக இருந்தார். இராமநாதபுரம் மாவட்டம் வல்லந்தையில், பஞ்சாபிலிருந்து வந்த சீக்கிய உழவர்கள் வறண்ட நிலத்தை வாங்கிப் பழத்தோட்டமாக்கியுள்ளனர்.

சீக்கியரின் முதல் குருவின் மரணமே மலரோடு பிணைந்தது. 1539இல் கர்தார்பூரில் குரு நானக் மறையும் தறுவாயில், உடலை எரிப்பதா புதைப்பதா என்று இந்து அன்பர்களுக்கும் முஸ்லிம் அன்பர்களுக்கும் வழக்கு எழுந்தது. இரு சாராரும் இருபுறமும் மலர் வையுங்கள், காலையில் எவர் பூ வாடாமல் இருக்கிறதோ அவர் விருப்பப்படி செய்யுங்கள் என்றாராம் குரு. மறுநாள் போர்வையை விலக்கியபோது இருபுறப் பூக்களும் வாடாமல் இருந்தன, உடலைக் காணவில்லை. போர்வையை இரண்டாகப் பகுத்து, ஒரு சாரார் எரித்தனர், மறு சாரார் புதைத்தனர் என்று குருவின் வாழ்வைச் சொல்லும் ஜனம்சாகி நூல்கள் கூறுகின்றன. கர்தார்பூரில் இன்றும் சமாதியும் உண்டு, கல்லறையும் உண்டு. அடியார் கபீரைப் பற்றியும் அவர் மறைந்த மகஹரில் இதே கதை வழங்குகிறது.

இவ்வளவு பெருமை பெற்ற பூவைச் சீக்கியம் பூசைப் பொருளாக்கவில்லை. முதல் தொகுப்பு 1604இல் நிறைவுற்ற குரு கிரந்த் சாகிப் எனும் திருநூலில் குருமார் பாடல்களோடு நாமதேவர், கபீர், ரவிதாசர் முதலிய அடியார்களின் பாடல்களும் உள்ளன. வண்டு முன்பே முகர்ந்துவிட்ட பூவை இறைவனுக்கு எப்படிப் படைப்பேன் என்று நாமதேவர் கேட்கிறார். இலை பறிக்கும் மாலைக்காரியிடம், உயிருள்ளதைப் பறித்து உயிரற்ற கல்லுக்குச் சார்த்துகிறாயே என்கிறார் கபீர். தமிழருக்கு இக்குரல் புதிதன்று. மலருக்குள்ளும் இறைவனே இருக்கக் கண்டு அதைப் பறிக்க மனம் வராது நின்றவர் நம் தாயுமானவர். அவர் சமாதி கொண்டதும் இராமநாதபுரத்தில்தான்.

நடைமுறையில் இது எப்படி அமைகிறது? அமிர்தசரசில் உள்ள சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழு 1945இல் இறுதி செய்த 'சீக்கிய ரேகத் மரியாதா' என்னும் ஒழுக்க நெறி இதற்குத் தெளிவான விடை தருகிறது. தூபதீபம் காட்டி ஆரத்தி எடுப்பதையும் மணி அடிப்பதையும் அது ஏற்பதில்லை. ஆனால் இடம் மணக்கப் பூவும் நறும்புகையும் பயன்படுத்துவதற்குத் தடையில்லை என்கிறது. ஆகவே குருமாரின் நினைவு விழாவான குருபரப் நாள்களில் அமிர்தசரஸ் பொற்கோயில் மலரால் பொலிகிறது. குரு கிரந்த் சாகிப் எழுந்தருளும் பல்லக்கைப் பூவால் அணி செய்கின்றனர். நகர் கீர்த்தன் ஊர்வலத்தில் மலர் இதழ்களைத் தூவி வரவேற்கின்றனர். அதே நெறி, திருமணத்தில் மணமகன் முகத்தில் 'சேரா' எனும் சரம் கட்டுவதை விலக்குகிறது. மணத்துக்கும் மகிழ்ச்சிக்கும் பூ உண்டு. புண்ணியத்துக்கோ சகுனத்துக்கோ பூ இல்லை.

இறுதிச் சடங்கில் இந்தத் தெளிவு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. நம் பக்கத்தில் நீர்மாலை எடுப்பதும், கோடி போடுவதும், வாய்க்கரிசி இடுவதும், கொள்ளிக்குடம் உடைப்பதும், வழிநெடுகப் பூ இறைப்பதும் வழக்கம். சீக்கியர் உடலை நீராட்டித் தூய ஆடை உடுத்துவர். ககரங்கள் எனும் ஐந்து சமய அடையாளங்களை நீக்குவதில்லை. பாதி வழியில் குடம் உடைப்பது, தலை மழிப்பது, பிண்டம் வைப்பது, திதி கொடுப்பது ஆகியவற்றை ரேகத் மரியாதா விலக்குகிறது. ஒப்பாரியும் மாரடிப்பும் கூடாது. மகன்தான் தீ மூட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சிதை நன்கு பற்றி எரியத் தொடங்கியதும் கீர்த்தன் சோஹிலா எனும் பாடல் தொகுப்பை ஓதி, அர்தாஸ் எனும் வேண்டுதலோடு நிறைவு செய்வர். சாம்பலை ஓடும் நீரில் கரைக்கலாம், அல்லது எரித்த இடத்திலேயே புதைத்து நிலத்தைச் சமன்படுத்தலாம். நினைவுச் சின்னம் எழுப்பலாகாது.

பூ வைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, அன்பினால் வைக்கிறார்கள். 2024 டிசம்பர் 28இல் முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங்கின் உடல் மலர் அணிந்த ஊர்தியில் தில்லி நிகம்போத் காட் எரியிடத்துக்குச் சென்றதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. மக்கள் செலுத்திய பூவுக்கு அங்கே குறைவில்லை. ஆனால் அந்தச் சடங்கை நிறைவு செய்தவை ஓதப்பட்ட குருவாக்கும் அர்தாசும்தான்.

சிதையருகே ஓதும் அதே கீர்த்தன் சோஹிலாவில் குரு நானக்கின் ஆரத்திப் பாடலும் அடங்கியிருக்கிறது. பூரி ஜகந்நாதர் கோயிலில் அவர் பாடியதாக மரபு சொல்லும் பாடல் அது. பிரபஞ்சமே ஓயாமல் ஆரத்தி எடுத்துக்கொண்டிருக்கிறது, காடுகள் முழுவதும் அதற்குச் சார்த்திய மலரே என்பது அதன் பொருள். இறந்தவரின் முன் ஒரு கூடைப் பூ இல்லாவிட்டாலும் சடங்கில் குறையேதும் இல்லை என்பதற்கு இதைவிட உயர்ந்த காரணம் எதைச் சொல்ல முடியும்? பூவை விற்று வாழும் ஊரில் இருந்துகொண்டு இக்கருத்தை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். பறித்த பூவைவிடச் செடியில் நிற்கும் பூ எவ்விதத்திலும் குறைந்ததன்று என்று சொல்வது, அச்செடியை வளர்க்கும் உழவனையும் பெருமைப்படுத்துவதே.

நம்மூரில் வேலைக்கோ வணிகத்துக்கோ வந்து தங்கிய சீக்கிய நண்பர் வீட்டில் துக்கம் நேர்ந்தால் தயங்காமல் செல்லுங்கள். தலையைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள், காலணியைக் கழற்றிவிடுங்கள். எளிய மாலையோ ஒரு கைப்பிடி உதிரிப்பூவோ போதும். தேங்காய், சூடம் வேண்டாம். பின்னர் நடக்கும் குரு கிரந்த் சாகிப் வாசிப்பின் நிறைவு நாளுக்கும் போய் அமருங்கள். அங்கே தரும் கடா பிரசாதம் எனும் இனிப்பை இரு கைகளாலும் ஏந்தி வாங்குங்கள். பெரிய மலர்வளையத்துக்குச் செலவிட எண்ணிய பணம் இருந்தால் அதை லங்கர் எனும் பொது உணவுச் சமையலுக்குக் கொடுங்கள். பசித்தவருக்குச் சோறிடுவதையே சீக்கியர் தம் தலையாய தொண்டாகக் கொண்டிருக்கின்றனர்.