பொறியியலோடு இன்னொரு பாடம்

முன்னாள் மாணவர் சங்கக் கூட்டங்களில் இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “சார், பி.இ.யோட இன்னொரு சப்ஜெக்ட் சேர்த்துப் படிச்சா நல்லதுங்கறாங்களே, எதை எடுக்கலாம்?” மேடையில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. அதனால் இந்த மலரில் எழுதுகிறேன்.

இது ஏதோ புதுசாக வந்த யோசனை என்று பலர் நினைக்கிறார்கள். நம் பக்கத்து ஊர்க் கதையைப் பாருங்கள். சி. ராஜம் அவர்கள் 1949-ல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யைத் தொடங்கியபோது, பி.எஸ்ஸி. முடித்தவர்களைத்தான் சேர்த்துக்கொண்டார்கள். அறிவியல் பட்டம் முதலில். அதன்மேல் மூன்று வருடம் விமானவியல், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், கருவியியல் என்று ஏதாவது ஒன்று. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்த அப்துல் கலாம் அங்கே போய் விமானவியல் படித்தார். அதே கல்லூரியில் அதே இயற்பியலைப் படித்த எஸ். ரங்கராஜன் எலெக்ட்ரானிக்ஸ் எடுத்தார். அவரை நாம் சுஜாதா என்றால்தான் தெரியும். ஒருவர் ராக்கெட் பக்கம் போனார். இன்னொருவர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்கு இயந்திர வேலையில் பங்கெடுத்தார். ராத்திரியில் கதையும் எழுதினார். இருவருக்கும் அடித்தளம் இயற்பியல்.

பள்ளி முடித்தவுடன் நேராகப் பொறியியல் என்று ஆனபின் அந்த அடித்தளம் முதல் வருடத்து இரண்டு மூன்று பேப்பராகச் சுருங்கியது. இழந்ததை ஈடுகட்ட ஒவ்வொரு காலத்திலும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிலானி பிட்ஸில் எம்.எஸ்ஸி. சேர்ந்த மாணவர், முதல் வருட மார்க்கைப் பொறுத்து பி.இ.யும் சேர்த்து ஐந்து வருடத்தில் இரண்டு பட்டம் வாங்கலாம். நம் மாதிரி ஆட்களுக்குக் கிடைத்தது தபால் வழிக் கல்வி. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும், இக்னோ 1985-லும் கதவைத் திறந்தபிறகு, பகலில் சைட், ராத்திரியில் பாடப்புத்தகம் என்று எம்.பி.ஏ. முடித்தவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள்.

இன்றைய மாணவர்களுக்கு வாசல்கள் அதிகம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்ட விதிப்படி, கூடுதலாக 18 கிரெடிட் படித்தால் மைனர் பட்டம் சேரும். ஃபின்டெக், தொழில்முனைவு, பொது நிர்வாகம், வணிகத் தரவு, சுற்றுச்சூழல் என்று பிரிவுகள் இருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் அறிவித்த ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பை வீட்டிலிருந்தே படிக்கலாம். பரீட்சைக்கு மட்டும் மையத்துக்குப் போகவேண்டும். பாதியில் நிறுத்தினாலும் அந்தந்தக் கட்டத்துக்குரிய சான்றிதழோ டிப்ளமோவோ உண்டு. 2022 ஏப்ரலில் யு.ஜி.சி. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கவும் அனுமதி கொடுத்துவிட்டது.

வாசல் அதிகமானதும் குழப்பமும் அதிகமாகிவிட்டது. பக்கத்து பெஞ்சு எடுத்தான், நானும் எடுத்தேன் என்றால் அது வெறும் கூட்டம் சேர்வதுதான். என் கணக்கு எளிது: முதல் பாடம் பதில் சொல்லாமல் விட்ட கேள்விக்கு எந்தப் பாடம் பதில் சொல்கிறதோ, அதுதான் இரண்டாவது பாடம்.

திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் கூட்டத்தோடு பஸ் பிடித்த நமக்கு, உதாரணம் தேடி வெளியூர் போகவேண்டியதில்லை. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது. புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் அதை உலகுக்குச் சொன்னார். வயது சுமார் 12 கோடி ஆண்டு. அந்தக் காலத்தில் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் 1939-ல் டால்மியாபுரத்துக்கும், 1979-ல் அரியலூர் அரசு ஆலைக்கும் சிமெண்ட் ஆனது. சிவில் படிக்கும் பிள்ளை அந்த சிமெண்டில் வீடு கட்டுவான். ஆனால் பெரம்பலூர்க் கரிசல் மழையில் ஊதி, வெயிலில் சுருங்கி, சுவரை ஏன் பிளக்கிறது என்று முழுசாகப் புரியவேண்டுமானால் மண்ணின் கனிமம் தெரிய வேண்டும். அவனுக்கு இரண்டாவது பாடம் நிலவியல். நான் பார்த்த விரிசல்களில் பாதிக்குக் காரணம் கம்பியும் கலவையும் அல்ல, அடியில் இருந்த மண்.

மெக்கானிக்கல் மாணவிக்கு இன்னொன்று. நம் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு விலைக்காகக் காத்திருக்கும் விவசாயிக்கு ஈரமும் அழுகலும் பெரிய எதிரி. காற்றோட்டக் கணக்கு அவளுக்குத் தெரியும். வெங்காயம் எப்படி மூச்சுவிடுகிறது என்பது வேளாண்மை படித்தால்தான் தெரியும். இரண்டும் தெரிந்த ஒருத்தியால் அந்தப் பட்டறையையே மாற்ற முடியும்.

கடைசியாக ஒன்று. இரண்டாவது பாடத்துக்குக் காசும் நேரமும் ஆகும். வீட்டில் ஆடு மாடு விற்று ஃபீஸ் கட்டுகிறார்கள் என்றால், முதல் பாடத்தில் அரியர் வைத்துக்கொண்டு இரண்டாவதுக்கு ஓடாதீர்கள். மூன்றாம் வருடம் வரும்வரை பொறுங்கள். அதற்குள் உங்கள் கேள்வி எது என்று தெரிந்துவிடும். கேள்வி தெரிந்தவனுக்குப் பாடம் தேர்ந்தெடுப்பது பெரிய காரியமே இல்லை.