ரூட்ஸ் ஆஃப் எம்பதி

ரூட்ஸ் ஆஃப் எம்பதி (தமிழில்: ஒத்துணர்வின் வேர்கள்) என்பது ஒரு கைக்குழந்தையின் துணைகொண்டு பள்ளி மாணவர்களுக்கு உணர்ச்சிகளைப் பற்றிக் கற்பிக்கும் வகுப்பறைத் திட்டம் ஆகும். இதனை 1996 ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் மேரி கார்டன் என்னும் கல்வியாளர் தொடங்கினார். மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்காக இது வடிவமைக்கப்பட்டது. பின்னர் ஐக்கிய அமெரிக்கா, நியூசிலாந்து, ஐக்கிய இராச்சியம் முதலிய நாடுகளிலும் நடத்தப்பட்டது.

வரலாறு

மேரி கார்டன் மழலையர் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர். 1981 இல் டொராண்டோ பள்ளிகளில் பெற்றோருக்கும் சிறு குழந்தைகளுக்குமான கற்றல் மையங்களைத் தொடங்கினார். அங்கு பல குடும்பங்களுடன் பழகியபோது, வன்முறையும் புறக்கணிப்பும் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குத் தொடர்வதை அவர் கண்டார். பிறர் உணர்வை அறியும் திறன் இன்மையே இதற்கு அடிப்படை என்று கருதி, அத்திறனைச் சிறு வயதிலேயே பள்ளியில் வளர்க்க இத்திட்டத்தை உருவாக்கினார். இதைப் பற்றி அவர் எழுதிய நூல் 2005 இல் வெளிவந்தது.

செயல்படும் முறை

பள்ளி அமைந்துள்ள பகுதியில் வாழும் ஒரு குடும்பம் தன்னார்வத்துடன் இதில் பங்கேற்கும். கல்வியாண்டின் தொடக்கத்தில் குழந்தைக்கு 2 முதல் 4 மாதங்கள் ஆகியிருக்கும். ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, மொத்தம் 9 முறை, குழந்தை பெற்றோருடன் வகுப்பறைக்கு வரும். ஒவ்வொரு வருகைக்கு முன்னரும் பின்னரும் பயிற்சி பெற்ற பயிற்றுநர் ஒருவர் தனி வகுப்பு நடத்துவார். ஆகவே ஓராண்டில் 27 வகுப்புகள் நடைபெறும். அழுகை, உணர்ச்சிகள், உறக்கம், பாதுகாப்பு போன்றவை இவற்றின் கருப்பொருள்களுள் சில.

தரையில் விரிக்கப்பட்ட பச்சை நிறப் போர்வையைச் சுற்றி மாணவர்கள் அமர்வர். குழந்தையே இங்கு 'சின்னஞ்சிறு ஆசிரியர்' எனப்படுகிறது. குழந்தை அழுதால், அது ஏன் அழுகிறது, அதை எப்படி அறிந்தீர்கள் என்று பயிற்றுநர் வினவுவார். பசி, உறக்கம், இரைச்சல் எனப் பல காரணங்களை மாணவர்கள் கூறுவர். பெற்றோர் குழந்தையை அமைதிப்படுத்தும் விதத்தையும் கவனிப்பர். அடுத்து வரும் வகுப்பில், தாங்கள் வருந்திய அல்லது கோபமுற்ற தருணங்களைப் பற்றிப் பேசுவர், படம் வரைவர்.

அடிப்படைக் கருத்து

தன் கோபத்தைச் சொல்லத் தெரியாத சிறுவன் அதை அடியாகவோ அழுகையாகவோ வெளிப்படுத்தக்கூடும். எனவே உணர்ச்சிக்குப் பெயரிடுவது அதைக் கையாளுவதன் முதற்படியாகக் கொள்ளப்படுகிறது. தன்னைப் பற்றிப் பேசக் கூச்சப்படும் மாணவனுக்கும் குழந்தையின் உணர்ச்சியைப் பற்றிப் பேசுவது எளிது. குழந்தையின் அழுகையைக் குற்றமாக எவரும் கருதுவதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு என்றே எண்ணுவர். அதே பார்வையை மாணவர்கள் தம் வகுப்புத் தோழர்களிடமும் தம்மிடமும் செலுத்தப் பழகுவதே இத்திட்டத்தின் எதிர்பார்ப்பு.

ஆய்வுகள்

கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வில், பங்கேற்ற மாணவர்களிடம் முரட்டு நடத்தை குறைந்ததும், அப்பயன் மூன்று ஆண்டுகள் வரை பெரும்பாலும் நீடித்ததும் பதிவாயின.

வட அயர்லாந்தில் 74 தொடக்கப் பள்ளிகளில் குயின்சு பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2018 இல் வெளிவந்தன. திட்டம் முடிந்தவுடன், பிறருக்கு உதவும் நடத்தை சற்றுக் கூடியிருந்தது. சிக்கலான நடத்தை சற்றுக் குறைந்திருந்தது. ஆனால் இம்மாற்றங்கள் பிற்காலத்தில் நிலைக்கவில்லை. மாணவர்கள் தம் உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் திறன் கூடியதற்கும் தெளிவான சான்று கிடைக்கவில்லை.

இவ்விரு முடிவுகளையும் ஒப்பிடுகையில், நடத்தையில் விரைவில் மாற்றம் தோன்றலாம் என்பது புலனாகிறது. எனினும் அது நீடிக்க ஓராண்டுப் பயிற்சி போதுமா என்பது இன்னும் முடிவாகாத வினாவாகும்.

இவற்றையும் பார்க்க

* ஒத்துணர்வு
* குழந்தை வளர்ச்சி
* தொடக்கக் கல்வி