திருகாணி கழற்றும் உரிமை

வாங்கிய பொருளைத் திறந்துபார்க்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டா? பாமன்கடையில் வானொலிப் பெட்டிகளைத் திருத்தித் திருத்திப் பாவித்த தலைமுறையினனான எனக்கு இக்கேள்வியே விந்தையானது. வீடியோ விளையாட்டுப் பெட்டிகளின் வரலாற்றிலோ இது தீராத வழக்கு.

2001இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட எக்ஸ்பொக்ஸில் 8 ஜிகாபைட் வன்தட்டு இருந்தது. ஆனால், அது கடவுச்சொல்லால் அந்தந்தப் பெட்டியுடனேயே பூட்டப்பட்டிருந்தது. வேறு தட்டைச் சும்மா மாற்றிப் பொருத்த இயலாது.

2006 நவம்பரில் வந்த சொனியின் பிளேஸ்டேஷன் 3 வேறு வழியைத் தேர்ந்தது. 20, 60 ஜிகாபைட் என இரு வகைகள். அமெரிக்காவில் விலை வித்தியாசம் 100 டொலர். உள்ளே இருந்ததோ மடிக்கணினிகளுக்கான சாதாரண 2.5 அங்குல வன்தட்டு. அதைக் கழற்றும் முறையைக் கையேடே சொல்லிக்கொடுத்தது. சேமித்தவற்றை முதலில் படியெடுத்து, புதிய தட்டைப் பொருத்தி, பெட்டியிலேயே அதனை வடிவமைத்தால் போதும். மலிவான பெட்டியை வாங்கியவரும் கொள்ளளவில் மற்றவரை முந்தலாம்.

2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5இல் மேலதிக சேமிப்பகத்துக்கான இடம் இருந்தும், 2021 செப்டெம்பர் மென்பொருள் வரும்வரை அது வெறுமையாகவே கிடந்தது.

இறக்குமதிப் பொருளுக்கு அதிக விலை கொடுக்கும் நாட்டில் இது சிறு விடயமன்று. பொதுத் தரத்தில் அமைந்த பாகம் பழுதானால், பம்பலப்பிட்டியின் கணினிக் கடையொன்றில் மாற்றுத் தட்டு கிடைக்கும். பூட்டிய பாகம் பழுதானால், பெட்டியே குப்பைக்குப் போகும்.